பற்றறிப் பெட்டியில் எழுதிய ஓம்

செரிப்பழம் ஆயலாம் என்று ஆசை காட்டித்தான் சிட்னியின் டூங்கபியில் இருந்து ஒரு பஸ் நிறைய அன்ரிமாரையும் அங்கிள்மாரையும் நீலமலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நான் வேலை செய்யும் பள்ளத்தாக்கு அது. கிழமையில் பாதி நாள் எனக்கு அங்கே, மிச்ச நாள் டூங்கபி வீட்டில். "உமக்குத் தெரிஞ்ச இடம்தானே, நீரே சுத்திக் காட்டும்" என்று என் கணவர் என்னைக் கேட்காமலேயே ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு வாக்குக் கொடுப்பது பெரிய விஷயமே இல்லை, நிறைவேற்றுவது நான்தானே.

செரி ஆய்ந்தோம். கட்டிக்கொண்டு போன இடியப்பப் பார்சலையும் கட்லற்றையும் ஓடைக்கரையில் வைத்துச் சாப்பிட்டோம். கோதுமை சேமிக்கும் உயர்ந்த சைலோக்களில் தீட்டியிருக்கும் பெரிய ஓவியத்துக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்தார்கள். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் வந்தவர்களை எங்கள் பற்றறியைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். "கரண்ட் பெட்டி பாக்கவோ நாங்கள் விடிய வெள்ளண எழும்பி வந்தனாங்கள்?" என்று பின் சீட்டில் இருந்து ஒரு அங்கிள் முணுமுணுத்தார். எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பஸ் நின்றதும் முழங்கால் நோவோடு முன்சீட்டில் இருந்த அன்ரிதான் முதலில் இறங்கினா. இறங்கியவ நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று செருப்பைக் கழற்றினா. அவவைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். சரளைக்கல் வெயிலில் கொதித்துக்கொண்டு கிடந்தது. "ஆ, ஊ" என்று எல்லோரும் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு கும்பிடப் போனார்கள்.

"என்ன பிள்ளை, இஞ்சையும் கோயில் கட்டிப்போட்டினமோ?"

கப்பலில் சரக்கு ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று, பச்சை நிறம். அதற்குள் பற்றறி. பெட்டியின் நெற்றியில், ஆள் உயரத்துக்கு, நீலப் பெயின்றில் தமிழில் ஓம் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத செம்மறி விவசாயி. நான் பேப்பரில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, செம்மறிக்குக் குறி வைக்கும் பெயின்றால் எழுதினார். 'ஓ'வின் சுழி கொஞ்சம் கீழே தொங்கும். எனக்கு அது அப்படியே இருக்க வேண்டும்.

"கோயில் இல்லை அன்ரி, பற்றறி. செருப்பைப் போடுங்கோ, கால் வெந்துபோடும்."

"பற்றறிக்கு ஏன் ஓம் எழுதிக் கிடக்கு?"

"அது பெரிய கதை. நிழலுக்கு வாங்கோ, சொல்லுறன்."

அன்று மரநிழலில் அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர் பேசியது எல்லாம் ஆங்கிலம். நான் அதை என் தமிழில் போட்டுக்கொள்கிறேன், அவர்கள் குறை நினைக்கமாட்டார்கள்.

நான் மின்பொறியாளர். சிட்னி நகரத்துக்குள் உயரமான கட்டிடங்களின் லிஃப்ற்றுக்குக் கரண்ட் வரைபடம் கீறுவதுதான் முதலில் என் வேலை. யாரோ மேலே போக, யாரோ கீழே வர, நான் நாள் முழுக்கக் கதிரையில். அலுத்துப்போய் இருந்த நேரத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் தேவை என்று கண்டேன். "மலைக்கு அங்காலையோ? உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். அப்படிக் கேட்டதாலேயே விண்ணப்பம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சில நேரம் அது நல்ல வழிக்கும் கொண்டுபோகும்.

சங்கம் என்றதும் நிழலில் இருந்த ஒரு அங்கிள் கேட்டார்: "எங்கடை ஊர்ச் சங்கக்கடை மாதிரியோ?" அதேதான். சங்கக்கடையில் அரிசி, சீனி. இங்கே கரண்ட். பள்ளத்தாக்கில் வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அங்கத்தவர், எல்லோருக்கும் ஒரே ஒரு வாக்கு. பெரிய பண்ணைக்காரருக்கும் ஒன்று, பேக்கரியில் பாண் போடுகிறவருக்கும் ஒன்று.

அந்த ஊருக்கு இது புதுப் பழக்கம் அல்ல. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் காலம் காலமாக இருந்த பள்ளத்தாக்குக்குத் தங்கம் தேடி ஆட்கள் குவிந்தார்கள். தங்கம் முடிந்ததும் வந்த வேகத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். கல்லால் கட்டிய நீதிமன்றமும் அகலமான ஒரு தெருவும் நின்றுவிட்டன. போகாமல் இருந்தவர்கள் செரி நட்டார்கள், செம்மறி வளர்த்தார்கள். ஓடைத் தண்ணீரில் சுற்றும் ஒரு சின்ன மின்நிலையத்தையும் தாங்களே கட்டினார்கள். அந்தச் செங்கல் கட்டிடம் இப்போது மியூசியம். சலவைக்கல் பலகையில் பித்தளைச் சுவிட்சுகள் இன்றைக்கும் பளபளவென்று இருக்கும். முன்பு மண்டபத்தில் படம் ஓட்டினால் தெருவிளக்கு மங்குமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தெருவுக்கு வெளிச்சம் வந்தது, ஆனால் தூரத்துப் பண்ணைகளுக்கு வரவில்லை. இவ்வளவு தூரம் லைன் இழுக்க ஏலாது என்று நகரத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஏலாது என்றால் பேசாமல் இருக்கிற சனமா? வீட்டுக்கு ஒருவராக வந்து மரம் வெட்டினார்கள், குழி தோண்டினார்கள், தூண் நட்டார்கள். பெண்கள் பாணும் ஆட்டிறைச்சியும் சமைத்துக் குழி தோண்டும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். நான் அந்த மியூசியத்துக்குள் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிமிரும். என் ஊரும் இல்லை, என் முன்னோரும் இல்லை. ஆனாலும் என் ஆட்கள் செய்தது போலத்தான் தோன்றும்.

அவர்கள் இழுத்தது ஒற்றைக்கம்பி. நகரத்து வீட்டுக்குக் கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போகும். இங்கே வருவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பிப் போகிற பாதை மண். ஒவ்வொரு ரான்ஸ்போமருக்குக் கீழேயும் செம்புக் கம்பியை ஆழத்தில் இறக்கியிருப்பார்கள், கரண்ட் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். ஈரமண் என்றால் சுகமாகப் போகும், காய்ந்த பாறை என்றால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டை அளக்கும் அளவின் பெயர்தான் ஓம். ஓம் குறைந்தால் நல்லது, கூடினால் ஆபத்து.

நாங்கள் யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்குச் சொல்வதும் ஓம். வினை அங்கேதான் பிடித்தது.

ஒரு கோடையில் மலையில் தீப்பிடித்து, நகரத்தில் இருந்து வரும் பெரிய லைன் எரிந்து விழுந்தது. பள்ளத்தாக்கு நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் மறுபடி கூடி, இந்தச் சங்கத்தைத் தொடங்கி, ஒன்றும் விளையாத கல்லுக்காணியில் சூரியத் தகடுகளைப் பரப்பி, இந்தப் பற்றறியை வாங்கி வைத்தார்கள். அடுத்த முறை பெரிய லைன் போனால் பள்ளத்தாக்கு தன் கரண்டிலேயே நிற்க வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் என் வேலை.

யாருக்காக என்று கேட்டால், எல்லோருக்கும்தான். ஆனால் எல்லோர் மனதிலும் இருந்தது ஒரு பெண். லைனின் கடைசி வீட்டில் இருப்பவ. நுரையீரல் பழுதாகி, சுவரில் பிளக் போட்ட ஒட்சிசன் மெஷினின் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டுதான் இருப்பா. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். தீப்பிடித்த அந்த நாட்களில் அவவின் கணவர், அவர்தான் நான் சொன்ன செம்மறி விவசாயி, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அது இருமும்போதெல்லாம் தானும் எழும்பியபடி இருந்தாராம். கடைசியில் எண்ணெய் முடியப் போக, மனைவியை வாகனத்தில் ஏற்றிப் புகைக்குள்ளால் ஓட்டிப் போனாராம். அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் பேசமாட்டார். மற்றவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

பெரிய லைனை வைத்திருக்கும் கம்பனி எங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது. லைனின் எந்தக் கிளையில் மண் நன்றாக இருக்கிறதோ அந்தக் கிளையை மட்டும்தான் பற்றறியில் ஓட்டலாம். நியாயமான நிபந்தனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆகவே தூண் தூணாக மண்ணை அளக்கத் தொடங்கினேன். எனக்குத் துணை வந்தவ சங்கத் தலைவி. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவ, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படிதான் இன்றைக்கும் பேசுவா. நான் தூணடியில் அளக்கும் கருவியோடு குந்தியிருப்பேன். அவ வயரை இழுத்துக்கொண்டு காணிக்குள் தூரமாகப் போய் இரும்பு ஆணிகளை அடிப்பா. இருவரும் பேசுவது வோக்கி-டோக்கியில். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுச் சமையல் குசினியிலும் ஒரு வோக்கி இருக்கும், யார் எதைப் பேசினாலும் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் டூங்கபிக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் அன்ரிமாருக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டாம்.

கடைசி வீட்டுக்கு வந்தோம். அங்கே மண் என்று ஒன்று இல்லை, கருங்கல்தான். தலைவி ஆணிகளை அடித்துக்கொண்டு போனா. அந்த நேரம் பார்த்து டூங்கபியில் இருந்து என் கணவர் போன் எடுத்தார். ஒரு காதில் அவர், மறுகையில் வோக்கி.

வோக்கியில் தலைவி: "கடைசி ஆணியும் இறங்கிவிட்டது. உனக்குச் சரியா?"

போனில் கணவர்: "இஞ்சரும், தோசைக்கு உளுந்து ஊறப் போடட்டே?"

இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதானே. "ஓம்" என்றேன்.

"எத்தனை ஓம்?" என்றா தலைவி.

"ஒரு சுண்டு காணுமே?" என்றார் கணவர்.

"ஓம், ஓம், ஒண்டு காணும்" என்றேன் கணவருக்கு. என் பெருவிரல் வோக்கியின் பொத்தானில் இருந்தது எனக்குத் தெரியாது.

தலைவிக்குக் கேட்டது 'ஓம்', 'ஓம்', பிறகு 'ஒண்டு'. அந்த 'ஒண்டு' அவவின் ஆங்கிலக் காதில் 'வன்' என்றே விழுந்தது. கருங்கல்லில் ஒரே ஒரு ஓம்! "ஒரு ஓம்! கடைசி வீடு ஒரு ஓம்!" என்று அவ வோக்கியில் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த வெள்ளைக் கிளிகள் எல்லாம் கலைந்து பறந்தன. பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. கொட்டிலுக்குள் நின்ற விவசாயி வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் கருவியைப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு கூட இருந்தது.

"இல்லை... நான் என் கணவரோடு பேசினேன். உளுந்து..." என்றேன்.

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் காணும் போல இருந்தது.

(இந்த இடத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து பஸ்ஸில் எங்களோடு வந்த திருச்சிக்காரி ஒருத்தி சிரிசிரி என்று சிரித்தாள். "நானா இருந்தா 'ஆமா'ன்னு சொல்லியிருப்பேன், பிரச்சினையே வந்திருக்காது." "நீர் பேசாமல் இரும்" என்று அன்ரி அவளை அடக்கினா.)

அந்த வீட்டுக் குசினியில் இருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. உள்ளே போனேன். அந்தப் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தா. வோக்கியில் எல்லாம் கேட்டிருக்கிறா. அவவுக்குச் சிரிப்பதற்கும் மூச்சு செலவாகும். கொஞ்சம் ஆறியபிறகு கேட்டா:

"என்ன சொன்னாய்? உன் மொழியில்?"

சொன்னேன். ஓம் என்றால் ஆமாம். ஒண்டு காணும் என்றால் ஒன்று போதும்.

அவ வாயை வட்டமாக்கி, மெல்ல மூடி, ஒருமுறை சொல்லிப் பார்த்தா. "ஓம்." பிறகு சொன்னா: "நல்ல சொல். மூச்சுக் குறைவு." அவ நீளமான வசனங்களை எப்போதோ விட்டுவிட்டா. ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் எடுப்பா.

அடுத்த நாளே பள்ளத்தாக்கில் எனக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. பேக்கரியிலும் ஓம், தபாற்கந்தோரிலும் ஓம். "இண்டைக்கு எத்தனை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். என் உண்மைப் பெயரை அவர்களால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததே இல்லை, இதை அட்சரம் பிசகாமல் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோசம்தான். வெளியில் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டேன்.

சங்கக் கூட்டம் வந்தது. மற்ற எல்லாக் கிளையும் சரி, கடைசி வீடு மட்டும் சரியில்லை என்று அறிக்கை சொன்னேன். அப்போது ஒருவர் எழும்பினார். கெட்ட மனிதர் இல்லை, நிறையச் செரி வைத்திருக்கிறார், எனக்கும் பெட்டி பெட்டியாகத் தந்திருக்கிறார். "அந்த ஒரு வீட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு மற்றதைத் தொடங்குவோமே. ஒரு வீட்டுக்காக எல்லோரும் இன்னொரு கோடை காத்திருப்பதா?" என்றார். பலர் தலையாட்டினார்கள். விவசாயி கடைசி வரிசையில் இருந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலிக்கு வேலை செய்கிறவள் கூட்டத்தில் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தேன்.

"மியூசியத்துக்குப் போங்கள். சுவரில் தூண் நட்டவர்களின் படம் இருக்கிறது. கடைசித் தூண் எங்கே நிற்கிறது? கருங்கல்லில். அந்தப் பாறையில் குழி தோண்ட உங்கள் அப்பாமாருக்கு எவ்வளவு பாடு வந்திருக்கும்? இது ஒரு வீடுதானே, விட்டுவிட்டுப் போவோம் என்று அவர்கள் போனார்களா? எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமையாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?"

ஐயோ, வேலை போச்சு என்று நினைத்தேன். தலைவி தன் பஸ் குரலில், "ஓமுக்கு ஒரு மாதம் கொடுப்போம்" என்றா. செரிக்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார். விவசாயி தலையை நிமிர்த்தினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வாய் வீரம் பேசியாகிவிட்டது. இனி அந்தக் கல்லில் ஈரத்துக்கு எங்கே போவது? துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுபோய் இரண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தோம். தூசிதான் வந்தது. கோடை நடுவில், ஆட்டுக்கும் புல் இல்லாத நேரம். மூன்றாம் இடம் எங்கே என்று தெரியாமல் அந்த வீட்டு விறாந்தையில் ரீ குடித்துக்கொண்டு நின்றேன். சரிவில், வீட்டில் இருந்து நன்றாகத் தள்ளி, காய்ந்த காணிக்கு நடுவே நீளமாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பச்சைப்பசேல் என்ற புல். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். கோடையில் பச்சையைக் கண்டால் அதற்கு அடியில் யாருடைய தண்ணீர் ஓடுகிறது என்று கேட்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

"அங்கே என்ன?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கதிரையில் இருந்தபடி பார்த்தா. பிறகு கையால் வாயைப் பொத்தினா. தோள் குலுங்கியது. "கக்கூஸ்" என்றா.

மலக்குழியில் இருந்து வழியும் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாகப் போய் ஊறும் இடம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது காய்வதில்லை. ஆழமான மண்ணும் அங்கேதான் இருந்தது.

(அன்ரி மூக்கைப் பொத்தினா. "சீ! கக்கூஸ் தண்ணியோ? அதுக்கோ நான் செருப்புக் கழட்டினனான்?")

அந்தப் பச்சைக் கோட்டின் ஓரத்தில், குழாய்களுக்குப் பழுது வராமல், துளையை இறக்கினோம். தூசி வரவில்லை. கறுத்த, ஒட்டும் சேறு வந்தது. நாற்றம் கொஞ்சம் இருந்தது, யாரும் கணக்கெடுக்கவில்லை. செம்பை ஆழத்துக்கு இறக்கி, தூணடிவரை வாய்க்கால் வெட்டிக் கம்பியைப் புதைத்தோம். அந்த வாய்க்காலை வெட்ட யார் யாரோ வந்தார்கள். மண்வெட்டியோடு செரிக்காரர் வந்தார். பேக்கரிக்காரர் வந்தார், அவருடைய மனைவி பாணும் இறைச்சியும் கொண்டுவந்தா. எனக்கு மியூசியத்துச் சுவரில் இருந்த படம் இறங்கி வந்து நிற்பது போல இருந்தது. நானும் அந்தப் படத்துக்குள் நின்றேன்.

பிறகு அளந்தேன். இந்த முறை போனை வாகனத்துக்குள் பூட்டி வைத்துவிட்டேன்.

"எத்தனை?" என்றா தலைவி, காணிக்குள் இருந்து.

கருவியைப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றுக்குச் சற்று மேலே. கம்பனி கேட்டதைவிடப் பல மடங்கு நல்லது. சொன்னேன். தலைவி கூச்சல் போடவில்லை. "உளுந்து இல்லையே?" என்றுதான் கேட்டா.

ஆனால் விவசாயி பரீட்சைக்குச் சம்மதிக்கவில்லை. பரீட்சை என்பது பெரிய லைனை நாங்களே வேண்டுமென்று துண்டித்து, பள்ளத்தாக்கைப் பற்றறியில் நிற்கவைத்துப் பார்ப்பது. "என் ஜெனரேற்றரை நான் நம்புவேன். நீங்கள் சுவிட்சைத் தட்டும்போது அவ மூச்சோடு விளையாடுகிறீர்கள்" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் கோபப்படவில்லை. என்ன கோபம்? அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் சுவிட்ச் பக்கம் ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன். ஒட்சிசன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கும், ஜெனரேற்றரும் தயாராக இருக்கும், நேர்ஸும் வீட்டில் இருப்பா என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவ என்னைக் கேட்டா:

"ஓடுமா?"

ஓடும் என்று எனக்குத் தெரியும். கணக்கு தெரியும், மண் தெரியும், கம்பி தெரியும். ஆனாலும் ஒருவரின் மூச்சை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லும்போது நாக்கு கனக்கும்.

"ஓம்" என்றேன்.

அவ கணவரைப் பார்த்துத் தலையாட்டினா.

பரீட்சை அன்று நல்ல வெயில். பற்றறிப் பெட்டிக்கு முன்னால் நானும் தலைவியும் நின்றோம். மலைக்கு அப்பால் இருந்து கம்பனியின் ஆட்கள் போனில் தயார் என்றார்கள். துண்டித்தேன். பெட்டிக்குள் மின்விசிறிகளின் சத்தம் ஒருமுறை ஏறி, இறங்கி, ஒரே சீராக நின்றது. அவ்வளவுதான். இவ்வளவு காலமும் பட்ட பாட்டுக்கு இடியாவது முழங்க வேண்டாமோ?

தலைவி வோக்கியை எடுத்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டா. பேக்கரி: அடுப்பு எரிகிறது. பள்ளிக்கூடம்: எரிகிறது. மியூசியம்: எரிகிறது. மதுக்கடை: பியர் குளிராகத்தான் இருக்கிறது, வந்து சோதிக்கலாம். செரிக்காரர்: குளிரறை ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் என் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"கடைசி வீடு?" என்றா தலைவி.

சத்தம் இல்லை.

"கடைசி வீடு, கேட்கிறதா? மெஷின் ஓடுகிறதா?"

சத்தம் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த திரையில் எல்லாம் பச்சை, கடைசிக் கிளையும் பச்சை. ஆனாலும் திரையை யார் நம்புவது? எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்யும் கட்டிடங்களுக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படி அந்தரப்பட்டதில்லை. தலைவி என் கையைப் பிடித்தா. பள்ளத்தாக்கு முழுக்கக் குசினி குசினியாக எல்லோரும் வோக்கியைப் பார்த்தபடி நின்றிருப்பார்கள் என்று தெரியும். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

வோக்கி கரகரத்தது. முதலில் ஒரு இயந்திரத்தின் சத்தம் வந்தது. உள்ளே இழுத்து, வெளியே விட்டு, உள்ளே இழுத்து. விவசாயி வோக்கியை மெஷினுக்குக் கிட்டப் பிடித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரால் பேச முடியவில்லையாம். வோக்கியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டாராம்.

"ஓம்" என்றது அவவின் குரல்.

தலைவி அழத் தொடங்கிவிட்டா. அழுதுகொண்டே, பஸ் ஓட்டிய குரலெல்லாம் எங்கோ போக, பழைய பகிடியைத்தான் கேட்டா: "எத்தனை ஓம்?"

மெஷின் ஒருமுறை மூச்சு இழுத்து விட்டது.

"ஒண்டு" என்றா அவ, என் மொழியில், என் ஊர்க்காரி மாதிரியே. "காணும்."